ஹெட் போல்ட் தொல்லைகள்: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

தின்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்த வாரத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் ஒரே நோயோடுதான் வரும். நாலு நாள் ஆட்களை அடைத்துக்கொண்டு, முதல் கியரில் ஊர்ந்து, மேடைக்கு மேடை நின்று, வெளியே தண்ணீரில் குளித்துக்கொண்டே உள்ளே கொதித்த எஞ்சின்கள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி, அதற்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த வேலை. வேலையை இரண்டு தடவை செய்யவைப்பது ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் ஹெட் போல்ட்தான்.

ரங்கூனில், தெற்கு ஒக்கலாப்பாவில், எங்கள் பட்டறையில் திரும்பத் திரும்பப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் எஞ்சினில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எண் சொல்லும் இடங்களில் டொயோட்டா 1என்இசட்-எஃப்இ எஞ்சினை வைத்துச் சொல்கிறேன். புரோபாக்ஸ் டாக்சியில் இருப்பது அதுதான், ஊரில் எங்கே திரும்பினாலும் அதுதான். உங்களிடம் இருப்பது வேறு எஞ்சின் என்றால் அதன் மேனுவல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எஞ்சினின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டுக் கெடுத்த வேலையை நான் நிறையச் சரிசெய்திருக்கிறேன்.

பிரிக்கும் முன் இரண்டே விஷயம். எஞ்சின் கையால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் தளர்த்தினால் ஹெட் வளையும். தளர்த்துவது இரண்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு சுற்றில். கழற்றிய பத்து போல்ட்டையும் ஒரு அட்டையில் ஓட்டை போட்டு வரிசைப்படி குத்தி வையுங்கள், வாஷரோடு. எந்த போல்ட் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது பின்னால் பெரிய சாட்சி.

போல்ட் கழலவில்லை, அல்லது ரென்ச் வழுக்குகிறது

முதலில் போல்ட் தலையின் குழியைப் பாருங்கள். பழைய எண்ணெயும் கரியும் காய்ந்து அடியில் கட்டியாக இருக்கும். குழிக்குள் மாட்டித் திருகும் பிட் முழுசாக உள்ளே இறங்காது, மேல் விளிம்பில் மட்டும் பிடித்து வழுக்கும். ஒரு மெல்லிய கம்பியால் சுரண்டி, பெட்ரோல் விட்டு, துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது தப்பான பிட். டொயோட்டா ஹெட் போல்ட் பலவற்றில் உள்குழி பன்னிரண்டு முனை. ஆறு முனை ஆலன் கீ உள்ளே போகும், திரும்பவும் செய்யும், ஆனால் இறுகிய போல்ட்டில் முனைகளைத் தின்றுவிடும். பன்னிரண்டு முனை பிட்டை வாங்கி வையுங்கள், விலை பெரிதில்லை.

இரண்டும் சரி, ஆனாலும் அசையவில்லை என்றால் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. பிட்டை வைத்துச் சுத்தியால் நேராக நாலு தட்டு, ஊடுருவும் எண்ணெய், ஒரு ராத்திரி. காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம். ஏர் கன் வேண்டாம். முனை ஏற்கெனவே தேய்ந்து உருண்டிருந்தால் அங்கேயே நிறுத்தி வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தலையில் ஒரு நட்டைப் பற்றவைத்து எடுத்துவிடுவார். தேய்ந்த தலையோடு மல்லுக்கட்டினால் பிளாக்குக்குள் உடையும்.

போல்ட் கையில் இருக்கிறது, திரும்பப் போடலாமா தெரியவில்லை

எங்களிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். வாடிக்கையாளர் கேட்பார்: "பார்த்தா நல்லாத்தானே இருக்கு அண்ணே?" பார்த்தால் எல்லா போல்ட்டும் நல்லாத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீண்ட போல்ட் உடையப் போகிற போல்ட். அதனால் அளக்க வேண்டும்.

உங்கள் எஞ்சினின் இறுக்கும் முறையில் கோணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "இத்தனை இறுக்கம், அப்புறம் 90 டிகிரி" என்று இருந்தால் அது நீட்டி இறுக்கும் போல்ட். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும். கோணமே இல்லாமல் இறுக்க எண் மட்டும் இருந்தால், பழைய எஞ்சின்களில் அப்படித்தான், மரை சுத்தமாகவும் தண்டு நேராகவும் இருக்கும் வரை திரும்பப் போடலாம்.

நீட்டி இறுக்கும் போல்ட்டிலும் இரண்டு சாதி. ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் ஒரு தடவைதான், கழற்றினால் குப்பை. மேனுவல் அப்படிச் சொன்னால் அளக்கவே வேண்டாம், புதிது வாங்குங்கள். டொயோட்டா அப்படிச் சொல்வதில்லை, ஒரு எல்லை கொடுத்திருக்கிறது. 1என்இசட்-எஃப்இ போல்ட் புதிதாக இருக்கும்போது 142.8 முதல் 144.2 மில்லிமீட்டர். 147.1 தாண்டினால் போடக் கூடாது. 150 மில்லிமீட்டர் வெர்னியர் (நீளம் அளக்கும் கருவி) இதற்குச் சரியாகப் போதும். பத்தையும் அளந்து அட்டையிலேயே அந்தந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்.

எழுதியதைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒன்பது போல்ட் 144-க்கு அருகில் இருந்து ஒன்று மட்டும் 146.5 என்று நின்றால், எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஒன்றை யாரோ முன்பு கூடுதலாகத் திருகியிருக்கிறார்கள். நான் அதைத் திரும்பப் போட மாட்டேன். ஒன்று மட்டும் புதிது போட்டால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது என்று சிலர் பத்தையும் மாற்றச் சொல்வார்கள். காசு இருந்தால் பத்தையும் மாற்றுங்கள், தப்பே இல்லை.

நீளம் சரியாக இருந்தும் மரைப் பக்கத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கலாம். சில எஞ்சினுக்கு மேனுவல் நீளத்தைக் கேட்காமல் மரையின் குறுக்களவைத்தான் கேட்கும். எண் தெரியாவிட்டாலும் ஒரு சோதனை இருக்கிறது: புது போல்ட் ஒன்றையும் பழையதையும் மரையோடு மரை பதியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல்லோடு பல் உட்கார்ந்தால் சரி. முதல் ஐந்து பல் உட்கார்ந்து, அப்புறம் மெல்ல மெல்ல விலகி, நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்த மரை நீண்டுவிட்டது. இதற்கு வெர்னியர்கூட வேண்டாம்.

கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது துள்ளும். தண்டில் துரு குழி விழுந்திருந்தாலும் கழித்துவிடுங்கள், நீளம் எதுவாக இருந்தாலும் சரி.

புது போல்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பாக்கெட் பளபளப்பாக இருக்கும், போல்ட் தலையில் ஒரு எழுத்தோ எண்ணோ இருக்காது. அதை வாங்குவதைவிட அளந்து தேறிய பழைய அசல் போல்ட்டே மேல்.

இறுக்கும்போது கீச்சென்ற சத்தம், விட்டு விட்டுத் துள்ளித் திரும்புகிறது

இது போல்ட் தப்பு இல்லை. மரையில் அழுக்கு, அல்லது எண்ணெய் இல்லை. அப்படியே இறுக்கினால், வைத்த இறுக்கம் வந்ததும் க்ளிக் ஆகும் டார்க் ரென்ச் காட்டும் எண் உராய்வுக்குப் போய்விடும், ஹெட்டை அழுத்த மிச்சம் இருக்காது. பத்து பங்கு பலத்தில் ஒரு பங்குதான் சாதாரணமாகவே அழுத்தத்துக்குப் போகிறது. மற்றதை மரையும் தலையின் அடிப்பக்கமும் தின்கின்றன. அந்த ஒரு பங்கையும் அழுக்கு தின்றால் கேஸ்கெட் எப்படிப் பிடிக்கும்?

தளர்த்தி வெளியே எடுங்கள். போல்ட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, காயவிடுங்கள். பிளாக்கின் மரைக்குள் மரை வெட்டும் டேப் கருவியை விடாதீர்கள், அது உலோகத்தை வெட்டி மரையைத் தளர்த்தும். கழித்துப் போட்ட ஒரு பழைய ஹெட் போல்ட்டில் நீளவாக்கில் இரண்டு மூன்று பள்ளம் ரம்பத்தால் அறுத்துக்கொள்ளுங்கள். அதைக் கையால் இறக்கி ஏற்றினால் அழுக்கு பள்ளத்தில் சேர்ந்து மேலே வரும். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு எஞ்சின் வகைக்கும் அப்படி ஒரு போல்ட் ஆணியில் தொங்குகிறது.

பிறகு எஞ்சின் ஆயில், மரையில் ஒரு மெல்லிய பூச்சு, தலைக்கு அடியில் வாஷர் உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய பூச்சு. தலைக்கு அடியில் பூசுவதைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள், கீச்சு சத்தம் வருவதும் அங்கிருந்துதான். கிரீஸ் வேண்டாம், கிராஃபைட் கலந்த பசை வேண்டாம். வழுக்கல் கூடினால் அதே எண்ணில் போல்ட் அதிகமாக நீளும்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேஸ்கெட் முகத்தைச் சுத்தம் செய்ய உப்புத்தாளோ சுழலும் தேய்ப்பு டிஸ்க்கோ போடாதீர்கள். அந்தத் தூள் எண்ணெயோடு போய் பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

எதிர்பார்த்ததற்கு முன்பே ரென்ச் க்ளிக் ஆகிறது, போல்ட் தலை உட்காரவில்லை

ஓட்டையில் ஏதோ இருக்கிறது. சாதாரணமாக அது தண்ணீர். ஹெட்டைத் தூக்கும்போது ரேடியேட்டர் தண்ணீர் பிளாக்கில் சிந்தி போல்ட் ஓட்டைகளில் தேங்கும். நீர் அமுங்காது. போல்ட் அதன் மேல் போய் நிற்கும், ரென்ச் இறுகிவிட்டதாகச் சொல்லும். கையில் பலம் உள்ளவர் இன்னும் திருகினால் பிளாக் வெடிப்பு விடும். ஆயிலைத் தாராளமாக ஓட்டைக்குள் ஊற்றினாலும் இதே கதை, அதனால்தான் ஆயில் போல்ட்டில் பூச வேண்டும், ஓட்டையில் விடக் கூடாது.

கம்ப்ரசர் இருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில், நம் ஊரில் அது எந்த நேரமும்தான், மருந்துக் கடை சிரிஞ்சில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மாட்டி உறிஞ்சி எடுங்கள். பிறகு பழைய லுங்கித் துணியைக் கம்பியில் முறுக்கி அடி வரை விட்டுத் துடையுங்கள். துணி உலர்ந்து வெளியே வரும் வரை. நான் கம்ப்ரசரைவிட இதைத்தான் நம்புகிறேன்; ஊதினால் ஒரு ஓட்டைத் தண்ணீர் பக்கத்து ஓட்டைக்குப் போகும்.

ஓட்டை காய்ந்திருந்தும் இப்படி நடந்தால் போல்ட் இடம் மாறியிருக்கிறது. பழைய கரோலாவின் 4ஏ-எஃப்இ எஞ்சினில் இரண்டு நீளம்: இன்டேக் பக்கம் 90 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 108. மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் அடியில் முட்டும், மறுபக்கம் நாலைந்து மரைதான் பிடிக்கும். அட்டை வைக்கச் சொன்னது இதற்கும்தான்.

மூன்றாவது காரணம் யாரும் யோசிக்காதது. ஹெட்டை இரண்டு தடவை லேத் பட்டறையில் முகம் எடுத்திருந்தால் (அடிமுகத்தைச் சீவி மட்டமாக்கியிருந்தால்) ஹெட் மெலிந்திருக்கும், போல்ட் அந்த அளவுக்குக் கூடுதலாக உள்ளே போகும். சோதிக்க, ஹெட் இல்லாமல் வெறும் பிளாக்கில் போல்ட்டை விரலால் கடைசி வரை திருகுங்கள். வெளியே நிற்கும் நீளம், ஹெட்டில் வாஷர் உட்காரும் இடத்திலிருந்து அடிமுகம் வரை உள்ள உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் முட்டும்.

போல்ட் சுற்றிக்கொண்டே போகிறது, இறுக்கம் ஏறவில்லை

இங்கே பயப்படுவதற்கு முன் ஒரு நிமிடம். 1என்இசட்-எஃப்இ-க்கு முறை: நடுவிலிருந்து வெளியே, பல சுற்றாக 29 நியூட்டன்-மீட்டர், பிறகு எல்லாவற்றுக்கும் 90 டிகிரி, பிறகு எல்லாவற்றுக்கும் இன்னொரு 90. அந்த இரண்டாவது 90-இல் கை ஒரு மாற்றத்தை உணரும். அதுவரை கூடிக்கொண்டே வந்த கனம் ஒரு கட்டத்தில் கூடாமல், குறையாமல், ஒரே சீராக நிற்கும். கெட்டியான வெல்லப்பாகில் கரண்டி போவது போல. அது சரியானது. போல்ட் நீள ஆரம்பித்திருக்கிறது, அப்படி நீள்வதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். புதுப் பையன்கள் இந்த இடத்தில் பயந்து பாதியில் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் அந்த ஒரு போல்ட்டுக்கு அருகில்தான் கேஸ்கெட் போகும்.

கெட்டது வேறு மாதிரி. கனம் திடீரென்று இளகும். அப்போது நிறுத்துங்கள். இன்னும் கால் சுற்று பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். போல்ட்டை வெளியே எடுத்து மரையைப் பாருங்கள்.

மரை சுத்தமாக இருந்து, இடுப்பு மட்டும் மெலிந்திருந்தால் போல்ட் போய்விட்டது. புது போல்ட், மறுபடி முதலிலிருந்து.

மரைக்குள் வெள்ளிக் கம்பி போலச் சுருள் சுருளாக அலுமினியம் ஒட்டிக்கொண்டு வந்தால் பிளாக்கின் மரை கழன்றுவிட்டது. 1என்இசட் பிளாக் அலுமினியம். எத்தனை தடவை கொதித்ததோ அத்தனை தடவை அந்த மரை பலம் இழந்திருக்கும். வார்ப்பிரும்புப் பிளாக் உள்ள 4ஏ, 5ஏ, டீசல் 3எல் போன்றவற்றில் இது அபூர்வம். அல்பார்ட், எஸ்டிமாவில் வரும் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சினின் ஆரம்ப கால பிளாக்குகள் இதற்குப் பேர் போனவை. பின்பக்கம், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் ஆட்கள் உட்காரும் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பை) ஒட்டிய வரிசையின் மரைகள் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த எஞ்சினில் ஹெட்டைத் தூக்கினாலே பின்வரிசையைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மரை கழன்றது என்று தெரிந்தால் பசை, டெஃப்லான் டேப், மெல்லிய செம்புக் கம்பி போன்ற வைத்தியம் எதுவும் வேண்டாம். பெரிதாகத் துளைத்துப் புது மரை உறை இறக்க வேண்டும். சுருள் கம்பி உறையைவிட, கெட்டியான குழாய் உறை ஹெட் போல்ட்டுக்கு நம்பகமானது. இதை நீங்கள் கை டிரில்லில் செய்யாதீர்கள். துளை ஒரு டிகிரி சாய்ந்தாலும் போல்ட் ஹெட்டுக்குள் நேராகப் போகாது. வழிகாட்டித் தட்டு வைத்துச் செய்கிற பட்டறைக்குப் பிளாக்கைக் கொண்டுபோங்கள். ஒரு மரை போனால் அந்த வரிசையில் உள்ள மற்றதையும் அவர்களிடமே பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

ரென்ச் மேலேயே சந்தேகம்

இரண்டு தடவை செய்து இரண்டு தடவையும் ஏதோ சரியில்லை என்றால் கருவியைச் சோதியுங்கள்.

நம் ஊரில் பழைய ரென்ச் நிறைய அடி-பவுண்டு. 29 நியூட்டன்-மீட்டர் என்பது ஏறக்குறைய 22 அடி-பவுண்டு, அல்லது 300 கிலோகிராம்-சென்டிமீட்டர். 29 என்ற எண்ணை அடி-பவுண்டு அளவில் வைத்துவிட்டால் அது 39 நியூட்டன்-மீட்டர் ஆகிவிடும். அதற்கு மேல் 180 டிகிரி. போல்ட் நீண்டது ஏன் என்று அப்புறம் கடைக்காரரிடம் சண்டை போடுவார்கள்.

கருவி சரியா என்று பார்க்க மார்க்கெட்டில் கிடைக்கும் வீசை எடைக்கல் போதும். ரென்ச்சின் சதுர முனையை வைஸில் கடித்து, கைப்பிடி படுக்கையாக இருக்கும்படி நிறுத்துங்கள். முனையின் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடியில் 6 வீசையைத் தொங்கவிடுங்கள். 6 வீசை ஏறக்குறைய 9.8 கிலோ. அது கிட்டத்தட்ட 29 நியூட்டன்-மீட்டர் வரும், ரென்ச்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும். 29-இல் வைத்த ரென்ச் அங்கே க்ளிக் ஆக வேண்டும். 4 வீசையிலேயே க்ளிக் ஆனால், அல்லது 8 வீசை தொங்கியும் பேசாமல் இருந்தால் அந்த ரென்ச்சால் ஹெட்டைத் தொடாதீர்கள்.

எத்தனை டிகிரி திருப்பினோம் என்று குழம்பிவிட்டது

இது எனக்கே நடந்தது. கோணக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போல்ட் தலையின் முன்விளிம்பில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தால் போதும். முதல் 90 முடிந்ததும் புள்ளி பக்கவாட்டில் இருக்கும், இரண்டாவது முடிந்ததும் எஞ்சினின் பின்பக்கத்தைப் பார்க்கும். பத்துப் புள்ளியும் ஒரே திசையைப் பார்த்தால் வேலை முடிந்தது. பார்க்கவே அழகாக இருக்கும்.

ஒரு நாள் பெயிண்ட் தீர்ந்துபோயிருந்தது. கூட வேலை செய்த தம்பி கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்தை விரலால் தொட்டு பத்து போல்ட்டிலும் பொட்டு வைத்தான். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. முதல் சுற்று முடிந்தது, டீக்கடையில் இருந்து ஆள் கூப்பிட்டது, போய்விட்டு வந்தோம். வந்து பார்த்தால் தலைக்கு அடியில் பூசிய ஆயில் மேலேறி ஆறு பொட்டை அழித்திருந்தது. "அண்ணே, இது ரெண்டாவதா, மூணாவதா?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

அந்த நிலைமையில் செய்ய வேண்டியது: ஊகிக்காதீர்கள். ஒரே ஒரு போல்ட்டில் சந்தேகம் என்றால் அதை மட்டும் முழுசாகத் தளர்த்தி வெளியே எடுத்து, அளந்து, எண்ணெய் பூசி, 29-இலிருந்து மறுபடி. பலவற்றில் சந்தேகம் என்றால் எல்லாவற்றையும் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தளர்த்திக் கழற்றி, எல்லாவற்றையும் அளந்து, புது கேஸ்கெட் போட்டுத் தொடங்குங்கள். எங்களுக்கு அன்று ஒரு கேஸ்கெட் காசு போனது. இப்போது கதவுக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்று வைத்திருக்கிறோம், சிவப்பு.

போல்ட் உடைந்துவிட்டது

பிளாக் முகத்துக்கு மேலே தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். உடைந்த போல்ட்டில் அழுத்தம் இல்லை, பிடிப்பு லேசாகத்தான் இருக்கும். ஹெட்டைத் தூக்கியதும் லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும்.

முகத்துக்கு அடியில் உடைந்திருந்தால் வேலையை ஒப்படைத்துவிடுங்கள். அதற்குள் டிரில் விட்டு, பிட் சாய்ந்து, மென்மையான அலுமினியத்தைத் தோண்டி, கடைசியில் முழு பிளாக்கையும் மாற்றிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு போல்ட் உடைந்தால் மீதி ஒன்பதையும் அதே எஞ்சினில் திரும்பப் போடாதீர்கள், அளவு சரியாக இருந்தாலும்.

எல்லாம் முடிந்து ஓட்டினால் தண்ணீர் குறைகிறது, ரேடியேட்டரில் குமிழி வருகிறது

உடனே ஹெட்டைத் தூக்காதீர்கள். முதல் நாள் குமிழி உள்ளே அடைபட்ட காற்றாக இருக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் இரண்டு தடவை போட்டு நிற்கும் வரை தண்ணீரை நிரப்புங்கள். காற்று என்றால் குமிழி குறைந்து நின்றுவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர், ஹோஸ் கிளிப், வாட்டர் பம்ப்பின் அடித்துளை இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினில், தண்ணீரை வாய் வரை நிரப்பி ரேடியேட்டர் கழுத்தில் ஒரு ரப்பர் கையுறையைக் கட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கையுறை விறைத்து எழுந்து கை காட்டினால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்கு வருகிறது. எஞ்சின் சூடேறும் முன் கையுறையைக் கழற்றிவிடுங்கள், சூட்டில் எல்லா ரேடியேட்டரும் ஊதும்.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். நாலு சிலிண்டரில் அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைவாக இருந்தால் கேஸ்கெட் அந்த இரண்டுக்கும் நடுவில் போயிருக்கிறது. டொயோட்டா சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோகிராம்/சதுர சென்டிமீட்டர் வரைதான் வித்தியாசத்தை அனுமதிக்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: வால்வு கவரைத் திறந்து எல்லா போல்ட்டையும் "இன்னும் கொஞ்சம்" இறுக்குவது. பழைய எஞ்சினில், பழைய மாதிரி கேஸ்கெட்டோடு, சில நூறு மைல் ஓடியபின் மறு இறுக்கம் என்று ஒன்று இருந்தது. அப்பா காலத்து மெக்கானிக்குகள் அதைத்தான் இன்னும் சொல்கிறார்கள். கோணத்தில் இறுக்கும் போல்ட்டுக்கு அது கிடையாது. ஏற்கெனவே நீண்டு நிற்கிற போல்ட்டை மேலும் நீட்டுவதுதான் நடக்கும். கசிவும் நிற்காது.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கேஸ்கெட் போகிறது

போல்ட்டைத் தாண்டிப் பார்க்க வேண்டிய நேரம் இது. பழைய கேஸ்கெட்டை எடுத்து வைத்து எந்த இடத்தில் எரிந்திருக்கிறது என்று பாருங்கள், அட்டையில் அந்த இடத்துப் போல்ட்டின் அளவையும் பாருங்கள். இரண்டும் ஒரே மூலையைக் காட்டினால் அந்த ஓட்டையின் மரைதான். நடுவிலேயே எரிந்திருந்தால் ஹெட் வளைந்திருக்கிறது.

நேர்க்கோடு பிடிக்க நல்ல இரும்புப் பட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வேண்டும். நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவாட்டிலும் வையுங்கள். ஹெட்டின் அடிமுகத்துக்கு 1என்இசட்-இல் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அந்தத் தகடு எங்கேயாவது நுழைந்தால் லேத் பட்டறை. பிளாக்கின் முகத்துக்கும் அதே 0.05, ஹெட்டை மட்டும் அளந்துவிட்டுப் பிளாக்கை விட்டுவிடுகிறார்கள், மூன்றாவது தடவை வரும் வண்டிகளில் பெரும்பாலும் பிளாக்தான் குழிந்திருக்கும், அதுவும் இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில்.

லேத் பட்டறையில் கொடுக்கும்போது முகம் எடுப்பதற்கு முன்பே பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். ஹெட்டில் வெடிப்பு இருந்தால் முகம் எடுத்த காசு வீண். எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டு, அந்த எண்ணை ஹெட்டின் பக்கத்திலேயே பஞ்ச் கருவியால் குத்தி வையுங்கள். அடுத்தவர் கையில் அந்த எஞ்சின் வரும்போது போல்ட் ஏன் அடியில் முட்டுகிறது என்று அவர் தேட வேண்டியிருக்காது. ஹெட் திரும்பி வந்ததும் ரேடியேட்டரையும் கழற்றித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மேலே ஊற்றியது அதே வேகத்தில் கீழே வராவிட்டால், புது கேஸ்கெட்டும் அளந்த போல்ட்டும் அடுத்த தின்ஜான் வரைகூடத் தாங்காது.